சமரசத்துக்கு வந்தவளிடம் நீதிபதி கேட்டது

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. ஆந்திர எல்லையில் இருக்கும் குப்பம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ராமகுப்பம் போகும் வழியில் ஒரு கிராமத்தில் என்னைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கணவர் வீட்டில் பட்டுப்பூச்சி வளர்ப்பு. எங்கள் ஊர்ப் பெண்கள் அப்போதுதான் ரயிலேறி பெங்களூரு கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். நானும் போகிறேன் என்று ஒரு காலையில் மல்பெரித் தோட்டத்தில் வைத்துச் சொன்னேன். வாய்ப்பேச்சு முற்றி, இலை அறுக்கும் அரிவாளால் அவர் என் கழுத்தில் வெட்டிவிட்டார். வெட்டு கொஞ்சம் தோள் பக்கம் இறங்கியதால் பிழைத்தேன்.

கொலை முயற்சி வழக்கு பதிவானது. அவர் ஜாமீனில் வந்தார். நான் அம்மா வீட்டோடு வந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் அவருக்கு குவைத்தில் டிரைவர் வேலை அமைந்தது. வழக்கு இருந்ததால் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு அவருடைய சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். விவாகரத்து கொடுத்துவிடுகிறோம், உங்கள் பையனுக்கும் குவைத்தில் வேலை வாங்கித் தருகிறோம், வழக்கை மட்டும் முடித்துக்கொள்வோம் என்றார். தம்பி அப்போது வேலையில்லாமல் இருந்தான். எல்லோரும் போன பிறகு அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுகிறவர், என் முகத்தைப் பார்க்காமலே, "உன்ன வற்புறுத்த மாட்டேம்மா. ஆனா அவன் பொழைக்க வேற வழி தெரியல" என்றார். அவர்கள் கொடுத்த சமரசக் காகிதங்களில் நான் கையெழுத்துப் போட்டேன்.

சித்தூர் கோர்ட்டில், இந்த மாதிரி வழக்கை இங்கே சமரசமாக முடிக்க முடியாது, ஹைகோர்ட்டுக்குத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நைனாவும் நானும் அவர்கள் ஆட்களுமாக திருப்பதியில் ரயிலேறி ஹைதராபாத் போனோம். நீதிபதி சம்மதமா என்று கேட்பார், ஆமாம் என்று மட்டும் சொல், வேறு எதுவும் பேசாதே என்று அவர்கள் வைத்த வக்கீல் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தார்.

நீதிபதி வயதானவர். மனுவைப் படித்துவிட்டு, என்னைச் சுற்றி நின்றவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். என்னை மட்டும் முன்னால் வரச் சொல்லி, தெலுங்கில் மெதுவாகக் கேட்டார். இலை அறுக்கும்போது நான் தவறி அரிவாள்மேல் விழுந்துவிட்டதாக இதில் எழுதியிருக்கிறதே, அப்படித்தானா?

அப்படி எழுதியிருப்பது எனக்கு அதுவரை தெரியாது. பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகச் சொன்னேன்.

"கையெழுத்து நான்தான் போட்டேன் ஐயா. அவரு மேல இப்ப கோவம் கூட இல்ல. ஆனா என்ன வெட்டுனது அவருதான். வெட்டலன்னு என் வாயால சொல்ல முடியாது."

வரப்புச் சண்டை, வாய்த்தகராறு என்றால் நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளலாம், ஓர் உயிரை எடுக்கப் போனது இரண்டு குடும்பத்து விஷயம் மட்டும் இல்லை என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தார். எனக்கு யாரும் தொந்தரவு கொடுக்காமல் போலீஸ் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

திரும்பும் வழியில் நைனா ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். எனக்கு பயமெல்லாம் தம்பியை நினைத்துத்தான். வீட்டு வாசலில் நின்றிருந்தவனிடம் நடந்ததைச் சொன்னேன். "குவைத் இல்லன்னா பெங்களூரு. நீ அதையே நெனச்சிக்கினு இருக்காதக்கா" என்றான். சொன்னபடியே போனான். பின்னால் என்னையும் அழைத்துக்கொண்டு போய் கார்மெண்ட்ஸில் சேர்த்துவிட்டான். நைனாவுக்கு மனசு ஆற நாளாயிற்று.

சித்தூரில் விசாரணை நடந்து என் கணவருக்குத் தண்டனை கிடைத்தது. முடித்துவிட்டு வந்து இப்போது ஊரில்தான் இருக்கிறார். குப்பம் பஸ் ஸ்டாண்டில் எப்போதாவது எதிரில் வருவார். தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். அந்தக் குடும்பத்தைக் கெடுத்தவள் என்று என்னைச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இரு தரப்பும் சமரசமானதால் வழக்கு ரத்து என்று பேப்பரில் படிக்கும்போது, அது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. அடிபட்டவரைத் தனியாக நிறுத்தி, நடந்தது என்ன என்று யாராவது ஒருவர் கேட்டிருக்க வேண்டுமே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.