தையலம்மாள் எண்ணிய பருந்துகள்

எங்கள் ஊர் பால் சொசைட்டியில் பால் அளக்கும் தையலம்மாள் அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. பாகூர் ஏரிக்கு அந்தக் கரையில் மேய்வது யார் வீட்டு மாடு என்று இங்கிருந்தே சொல்லிவிடுவார். உரக்கடை அஷ்ரப் ஆகிய எனக்கு நாற்பது வயதிலேயே கண்ணாடி.

நான்கு வருடமாகக் குளிர்காலத்தில் நாங்கள் இருவரும் பூனைப்பருந்து எண்ணுகிறோம். ஐப்பசியில் வடக்கே இருந்து வந்து பங்குனியில் திரும்பிப் போகிற பருந்து அது. பகலெல்லாம் வயல்மேல் தாழப் பறந்து எலி பிடிக்கும். பொழுது சாய்ந்தால் மரத்தில் அடையாது, தரிசுப் புல்லில் தரையிலேயே படுத்துவிடும். புதுச்சேரியிலிருந்து பறவை ஆராய்ச்சி செய்யும் அர்ச்சனா என்ற பெண் வந்து எங்களைப் பழக்கினாள். ஒரு படிவமும், பெருவிரலால் அமுக்கினால் ஒவ்வொன்றாக ஏறும் எண்ணும் கருவி ஒன்றும் கொடுத்தாள். கூலி கிடையாது. "சும்மா பருந்து எண்றதுக்கா அவ்ளோ தூரம் போற?" என்று கேட்டவர்களிடம் அக்கா, "நீ சும்மா டிவி பாக்கறியே, நான் கேட்டனா?" என்று வாயை அடைத்துவிட்டார்.

இந்த வருடம், பருந்து அடையும் தரிசை உழுது கரும்பு போடப் போவதாக அதன் சொந்தக்காரர் கலைவேந்தன் சொன்னார். உழுதால் புல் போகும், புல் போனால் பருந்தும் போகும். அக்கா நேராக அவர் வீட்டுக்கே போய் நின்றார். பேசிப் பேசிக் கடைசியில் அவர் ஒரு கணக்குக்கு இறங்கி வந்தார்.

"நூறு பருந்து இருக்குதுன்னு காட்டு, பங்குனி வரைக்கும் டிராக்டர் எறக்கல. ஒண்ணு கொறஞ்சாலும் மறுநாளே உழவு. இன்னா சொல்ற?"

"நீயே வந்து பக்கத்துல நில்லுண்ணே" என்றார் அக்கா.

மறுநாள் சாயங்காலம் மூவரும் வரப்பில் நின்றோம். கருவி அக்கா கையில், பைனாகுலர் என் கையில். பருந்துகள் ஒன்றும் இரண்டுமாக வந்து, புல்லை ஒரு சுற்றுச் சுற்றி, தொப்பென்று உள்ளே இறங்கின. கருவி எண்பதைத் தாண்டியது. அந்த நேரம் பார்த்து ஏரிப் பக்கமிருந்து ஒரு கருடன் எங்கள் தலைக்கு மேலே வந்தது. அது வருடம் முழுதும் இங்கேயே இருக்கும் பறவை, எங்கள் எண்ணிக்கையில் சேராது. ஆனால் கருடனைக் கண்டால் இங்கே யாரும் கும்பிடாமல் விடமாட்டார்கள். கலைவேந்தன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்காவும் கருவியோடு சேர்த்தே கைகூப்பினார்.

இருட்டுவதற்குள் கடைசிப் பருந்தும் இறங்கிவிட்டது. கருவியை வாங்கிப் பார்த்தேன்.

"நூறு! நூறுண்ணே!" என்று கத்தியே விட்டேன்.

கலைவேந்தன் எட்டிப் பார்த்து, "சரி, நூறுதான்" என்றார்.

அக்கா முகத்தில் மட்டும் சிரிப்பில்லை. "நூறு இல்ல. தொண்ணூத்தொம்போது. கருடனைக் கும்புட்டப்ப வெரலு அமுக்கிடுச்சி."

எனக்கு வந்ததே கோபம்! அந்த மனிதரே ஒத்துக்கொண்ட பிறகு இவரை யார் கேட்டார்கள்? "வாய மூடிக்கினு இருந்தா இன்னாக்கா?" என்று பல்லைக் கடித்தேன்.

"உழுதா உழுதுட்டுப் போவட்டும்பா. இல்லாத பருந்த நான் எப்பிடி எண்ணுவேன்?" சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது.

கலைவேந்தன் செருப்புச் சேற்றை வரப்பில் தேய்த்தார். "நீ கும்புடும்போது டிக்குன்னு சத்தம் வந்துச்சி தையலு. எனக்கும் காது கேக்குது. சொல்றியா இல்லையான்னுதான் பாத்துகினு இருந்தேன்" என்றார். பிறகு வரப்போரம் நிறுத்தியிருந்த பைக்கைக் கிளப்பினார். "மறைச்சிருந்தா காலைல டிராக்டர் வந்திருக்கும். பங்குனி வரைக்கும் புல்லு இருக்கட்டும்."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னா பாக்குற? எழுதுபா" என்றார்.

கைப்பேசி வெளிச்சத்தில் தொண்ணூற்று ஒன்பது என்று எழுதினேன். எண்ணியவர்கள் என்ற இடத்தில் எப்போதும் இரண்டு பெயர் போடுவோம். தையலம்மாள் என்று எழுதியபோது பெருமையில் என் நெஞ்சு நிறைந்துவிட்டது. பக்கத்தில் என் பெயரை எழுத மட்டும் அன்றைக்குக் கை வரவில்லை.