பச்சையை விட்டு நகராத முள்

ஜாஸ்பின் கீரனூரில் பஸ் மாறி குடிநீர்த் திட்ட அலுவலகத்துக்கு வரத் தொடங்கி ஒரு வருஷம் இருக்கும். படித்தது கம்ப்யூட்டர், பார்ப்பது ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் நீளுமா அறுமா என்பது இன்ஜினியர் அரவிந்த்குமாரின் பேனா முனையில். வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் போடும் வேலை எந்த ஊரில் எவ்வளவு முடிந்திருக்கிறது என்று திரையில் காட்டுவது அவள் பொறுப்பு. ஊருக்கொரு அரைவட்ட மீட்டர். இடது ஓரம் சிவப்பு, நடுவில் மஞ்சள், எழுபத்தைந்து விழுக்காட்டைத் தாண்டினால் பச்சை. முள் பச்சையைத் தொட்டால் அந்த ஊரில் வேலை முடிந்ததாகக் கணக்கு; காண்ட்ராக்டர் மூட்டை கட்டிவிடலாம்.

அன்று சென்னை அதிகாரியின் வீடியோ கூட்டம். கடைசி மீட்டரை வைத்து முடித்த நேரத்தில், ஊர் டேங்குக்கு மோட்டார் போடும் அழகுமலை உள்ளே எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா இது, வண்டி மீட்டரு மாதிரி?”

“உங்க ஊருதாண்ணே. பாத்தீங்களா, நூத்துக்கு நூறு!”

“எங்க காலனியில இன்னும் கடப்பாறையே எறங்கலை. இங்கிட்டு நூறுல பறக்குதாக்கும்?” என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஜாஸ்பினுக்குச் சிரிப்பு வரவில்லை. மீட்டரின் உச்ச அளவு முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு என்று இன்ஜினியர் சொன்னார், அவளும் போட்டாள். காலனியின் எண்பத்தெட்டு வீடுகள் அதில் இல்லை. யாரும் உட்கார்ந்து சதி செய்யவில்லை. ஊரில் எத்தனை வீடு என்று கேட்டால் காலனியை விட்டுவிட்டு எண்ணுவது இங்கே பழக்கம். யோசிக்காமலே நாக்கு செய்து முடிக்கும் அநியாயம். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலேயே சாதிச் சுவர் நிற்கும் ஊரில் பிறந்த தானும் அதை மறுபேச்சில்லாமல் போட்டோமே என்று அவளுக்குக் காது சுட்டது.

உச்ச அளவை நானூறு என்று மாற்றினாள். முள் பின்வாங்கி எழுபத்தெட்டில் நின்றது. அப்போதும் பச்சைதான்! எண்பத்தெட்டு வீட்டின் தாகத்தை விழுங்கிவிட்டுச் சாதுவாக நின்றது. இப்போது கணக்கில் பொய்யே இல்லை. அதுதான் அவளை நடுக்கியது.

பக்கத்திலேயே இன்னொரு மீட்டரைத் திறந்தாள். பெயர், காலனி. உச்சம், எண்பத்தெட்டு. முடிந்தது, பூஜ்யம்.

“என்னம்மா பண்ற?” முதுகுக்குப் பின்னால் அரவிந்த்குமார்.

“காலனிக்குத் தனி மீட்டர் சார்.”

“ஒரே ஊருக்கு எதுக்கு ரெண்டு? சேத்துப் பாத்தாலும் பச்சையிலதானே நிக்குது. அழிச்சுரு.”

“குழாய் போடுறப்ப ரெண்டாத்தானே சார் இருந்துச்சு?”

“வாயி நீளுது ஒனக்கு. காண்ட்ராக்ட் நீளாது, பாத்துக்க.”

சென்னை அழைப்பு ஒலிக்கத் தொடங்கியது. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. மவுஸின் மேல் விரல் இருந்தது. ஒரே ஒரு அழுத்து. அந்தச் சிவப்பு மீட்டர் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அரவிந்த்குமார் எட்டி மவுஸைப் பிடிப்பதற்குள் அதிகாரி அம்மாளின் முகம் திரையில் வந்துவிட்டது. இந்தத் திரை இனி அங்கேயும் தெரியும்.

கூட்டம் ஊர் ஊராக நகர்ந்தது. பச்சை, பச்சை, மஞ்சள்.

“அது என்னங்க, ஒண்ணு மட்டும் சிவப்புல கெடக்கு?” என்றார் அந்த அம்மாள்.

“டேட்டா என்ட்ரி மிஸ்டேக் மேடம்,” என்று இன்ஜினியர் முந்திக்கொண்டார்.

“இல்ல மேடம். காலனியில இன்னும் தோண்டவே இல்ல,” என்றாள் ஜாஸ்பின்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்ப இந்த ஊர முடிச்சதாக் காட்டாதீங்க. காலனிக்குக் குழாய் போட்டுட்டு எனக்குச் சொல்லுங்க. அடுத்த ஊர்.”

கூட்டம் முடிந்ததும் அரவிந்த்குமார் நாற்காலியில் சரிந்தார். “மத்த ஊர்லயும் இதே கததான், தெரியுமா ஒனக்கு?” மிரட்டுகிறாரா கெஞ்சுகிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

“தெரியாது சார். எந்தெந்த ஊருன்னு சொல்லுங்க, ஒவ்வொண்ணுக்கும் தனி மீட்டர் வைக்கிறேன்.”