பச்சக்கறி

கிறிஸ்துமஸ் விருந்தில் இத்தனை இறைச்சிக்கு நடுவே தொட்டுக்கொள்ளப் பச்சையாக ஒரு தொடுகறி எதற்கு? ஐம்பதை நெருங்கியும் எனக்குப் பதில் தெரியாது.

இந்த முறை அது வேண்டியிருந்தது. மகளின் மாமியார் தஞ்சாவூரிலிருந்து முதல்முறையாக வருகிறார். இறைச்சி தொடமாட்டார். அவர் சாப்பிடாமல் எழுந்தால் மகளின் முகம் வாடிவிடும்.

நேற்றுக் காலை நெய்யாற்றின்கரைச் சந்தையில், ஈரம் காயாத கீரைக்கட்டுகளுக்கும் நீளநீளமான பயற்றங்காய்களுக்கும் முன்னால் நின்றேன். அந்தப் பச்சைக்குள் எங்கேயோ மிதந்து போய்விட்டேன்.

"என்ன எக்கா, நின்னுகிட்டே ஒறங்குதியளா? பயறு எளசாக்கும், தேங்கா துருவிப் போட்டு துவரன் வையுங்க" என்றாள் கடைக்காரி.

அப்போது சம்பந்தி போனில் அழைத்தார்.

"எனக்காக ஒண்ணும் சிரமப்படாதீங்க."

"சிரமம் ஒண்ணும் இல்ல. உங்களுக்கு நல்ல பச்சக்கறி உண்டு."



"பச்சையாவேவா? நான் சாப்பிட்டுட்டே வந்துடறேனே."

எங்கள் கேரள எல்லைப் பக்கம் பச்சக்கறி என்றால் காய்கறி. தஞ்சாவூரில் கறி என்றால் இறைச்சி. விளக்கினேன். நம்பியதாகத் தெரியவில்லை.

இன்று வந்தார், தூக்குப்பாத்திரம் நிறையத் தயிர்சாதத்துடன். அதை எங்கள் வீட்டு இறைச்சிப் பிரியர்கள் தீர்த்துவிட்டார்கள். சம்பந்தி எங்கள் சோற்றைப் பயற்றுத் துவரனோடு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

மட்டன் அப்படியே இருக்கிறது. யாராவது வருகிறீர்களா?