காலியாக நின்ற கண் பிரிவு

பெரிய மருத்துவமனையின் வெளியீட்டுப் பிரிவில் வேலை பார்த்த அவரை எல்லோரும் ‘கோடு அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். ஆண்டறிக்கைக்கான வரைபடங்களை அச்சுக்கோப்பு மென்பொருளில் போடுவது அவர் வேலை. கணவர் பள்ளிச் சீருடை தைப்பவர். ‘நாள் முழுக்க நான் துணியில கோடு போடுறேன், நீ காகிதத்துல போடுற’ என்பார்.

அந்த வருடம் எந்தப் பிரிவில் நோயாளிகள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டை வரைபடம் கேட்டார்கள். கீழ்க்கோட்டில் எண்களுக்குப் பதில் பிரிவுகளின் பெயர்கள். என்னென்ன பெயர்கள், எந்த வரிசையில் என்பதை அந்த மென்பொருளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாத பெயருக்குப் பட்டை போடச் சொன்னால், தெரியாத ஆள் என்று திருப்பி அனுப்பிவிடும். சொன்ன பெயருக்கோ, பட்டை இருக்கிறதோ இல்லையோ, ஓர் இடம் கொடுத்துவிடும்.

பெயர்கள் நீளமாக இருந்ததால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அக்கா எல்லாவற்றையும் சாய்த்துப் போட்டார். மாதிரிப் படி பிரிவுத் தலைவர்களுக்குப் போனது. எலும்புப் பிரிவில்தான் காத்திருப்பு அதிகம். பட்டை கூரையை முட்டிக்கொண்டு நின்றது. அதன் தலைவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. தன் பிரிவின் பெயர் வழுக்கி விழுந்தவன் மாதிரி கிடக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். இருதயப் பிரிவுக்காரர் தன் பெயர் முதலில் வர வேண்டும் என்றார். கண் பிரிவின் தலைவர், வெறும் ‘கண் பிரிவு’ என்றால் கடைப் பெயர் போல இருக்கிறது, ‘கண் மருத்துவப் பிரிவு’ என்று போடுங்கள் என்றார்.

அக்கா எழுத்தைச் சிறிதாக்கினார், இரண்டு வரியாக மடித்தார், வரிசையை மாற்றினார், மறுபடி மாற்றினார். கண் பிரிவின் புதுப் பெயரைப் புள்ளிவிவரத்தில் போட்டதும் மென்பொருள் முரண்டு பிடித்தது. சலிப்போடு அந்தப் பெயரையும் வரிசையின் கடைசியில் சேர்த்தார். பழைய பெயரை எடுக்க மறந்துபோனார். தலைவர்கள் அவரவர் பெயரை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். அறிக்கை அச்சாகி வந்தது.

ஆண்டு விழாவுக்கு வந்த சுகாதாரத் துறை அதிகாரி அந்தப் பக்கத்தைப் புரட்டியவர் நின்றுவிட்டார். ‘கண் பிரிவு’ என்ற பெயருக்கு மேலே பட்டையே இல்லை. “இங்க யாருமே காத்திருக்க வேண்டியதில்லையா? ரொம்ப நல்ல விஷயமாச்சே” என்றார். மருத்துவமனை இயக்குநர் தலையாட்டினார். கண் மருத்துவப் பிரிவின் தலைவர் ஒரு கணம் விழித்துவிட்டு, “ஆரம்பக் கட்டத்துல இருக்கு சார்” என்றார். அடுத்த மாதம் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா தன் படியைப் புரட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். மறுநாள் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் போய் நின்றார்.

“சார், அது என் தப்பு. பேரை மாத்தும்போது பழசை எடுக்க மறந்துட்டேன். அப்படி ஒரு பிரிவே கிடையாது.”

கண்காணிப்பாளர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “இயக்குநர் தலையாட்டிட்டாரும்மா. இப்ப நீங்க தப்புன்னு சொன்னா, அவரு தலையாட்டினதும் தப்பாயிடும். பேசாம இருங்க.”

அதற்குள் மாடியில் வேலை தொடங்கியிருந்தது. உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்து வெள்ளையடித்தார்கள். கண் மருத்துவப் பயிற்சி முடித்து வந்து மேசையில்லாமல் அலைந்துகொண்டிருந்த ஒரு பெண் மருத்துவரை அங்கே உட்கார வைத்தார்கள். வாசலில் ‘கண் பிரிவு’ என்று பலகை மாட்டினார்கள். பிரிவின் வரலாற்றைச் சுருக்கமாக எழுதித் தரும் வேலை அக்காவின் தலையிலேயே விடிந்தது. நெடுநேரம் யோசித்துவிட்டு, ‘நீண்ட நாள் தேவையை உணர்ந்து உருவாக்கப்பட்டது’ என்று எழுதினார். அது பொய்யும் இல்லை.

அதிகாரி வந்து பார்த்தார், பாராட்டினார், படம் எடுத்துக்கொண்டார். கண்காணிப்பாளருக்கு ஒரு கேடயம் கிடைத்தது.

அப்படி ஓர் அறை இருப்பது வெளியே யாருக்கும் தெரியாததால் அங்கே உண்மையிலேயே கூட்டம் இல்லை. வெகு நாளாகக் கண் மங்குகிறது என்று சொல்லியும் வரிசைக்குப் பயந்து வராமலிருந்த கணவரை அக்கா ஒரு நாள் அழைத்துப் போனார். அந்த மருத்துவர் அவசரமில்லாமல் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்.

“இவ்வளவு நல்லா நடக்குற இடத்தை எந்தப் புண்ணியவான் ஆரம்பிச்சு வெச்சானோ” என்றார் கணவர், வரும் வழியில்.

அக்கா பேருந்து வருகிறதா என்று பார்த்தார்.

கண்ணாடி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு கணவர் முதலில் கண்டது, தான் தைத்து அடுக்கி வைத்திருந்த சட்டைகளில் தையல் கோணலாக ஓடியிருந்ததைத்தான். பள்ளி திறக்கும்வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துத் தைத்தார். பழைய கண்ணே போதுமாயிருந்தது என்று முணுமுணுத்துக்கொண்டே.