குருமாருக்கான இருக்கையில் ஒரு பென்சன்காரன்

2025 நவம்பர் 13, வியாழக்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். இரவு முழுக்கப் பெய்த மழை விட்டிருந்தது; வானம் இன்னும் வெளிக்கவில்லை, புழுக்கம் மட்டும் இருந்தது. வெள்ளவத்தையில், காலி வீதித் தரிப்பிடத்தில், கொட்டாஞ்சேனை பஸ்ஸுக்காகத் தனியே நின்றேன். தனியே என்பதுதான் முக்கியம். அதற்காக மூன்று வாரம் சண்டை பிடித்திருந்தேன்.

நான் யாழ்ப்பாணத்தான். கணக்காய்வுக் கந்தோரில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மனைவி போன பிறகு, பத்து மாதங்களுக்கு முன், மகள் என்னைத் தன்னுடைய ஃபிளாட்டுக்குக் கூட்டிவந்தாள். கொழும்பு என் நாட்டின் தலைநகரம்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்த பஸ் எங்கே நிற்கும், எந்தப் பலகையை எந்த மொழியில் வாசிக்க வேண்டும், கொண்டக்டர் கத்துவது ஊரின் பெயரா அல்லது ஏறச் சொல்லும் அவசரமா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிற ஒரு நகரம் எனக்கு வெளிநாடுதான். பாஸ்போட் கேட்பதில்லை, அவ்வளவே வித்தியாசம்.

கொட்டாஞ்சேனையில் எனக்கு ஒரு சிநேகிதன் இருக்கிறான். கத்தோலிக்கன், துறைமுகத்துக் குடும்பம். ஒரு காலத்தில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அதிபர் கந்தோருக்கு, மாற்றலாகி வந்து, என்னோடு ஒரே அறையில் நாலு வருடம் இருந்தவன். இப்போது சீனி வியாதியில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவனால் வெளியே வர முடியாது. நான் போகாவிட்டால் நாங்கள் சந்திப்பதில்லை. "நீ வராட்டி நான் சுவரோடதான் கதைக்கணும், மச்சான். அதுவும் பதில் சொல்லுதில்ல" என்று தொலைபேசியில் சொன்னான்.

ஒக்டோபரில் அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கண்ணயர்ந்து, வெள்ளவத்தையைத் தவறவிட்டு இரத்மலானையில் போய் இறங்கிவிட்டேன். தொலைபேசியில் சார்ஜ் இல்லை. மருமகன் கந்தோரைப் பாதியில் விட்டுவிட்டு என்னைத் தேடினார். அன்றிரவு மகள் தீர்ப்புச் சொன்னாள்.

"இனி பஸ் இல்லை, அப்பா. போறதெண்டால் ஓட்டோ. அதுவும் இவர் லீவில நிக்கிற நாளில, கூட வருவார்."

"நானென்ன பார்சலோ, ஆள் வைச்சு அனுப்ப?"

"பார்சல் எண்டால் போன இடம் தெரியும்."

ஓட்டோவில் போக ஆயிரத்து முந்நூறு, வர ஆயிரத்து முந்நூறு. மருமகன் லீவில் நிற்பது எப்போதாவது ஒரு நாள். அப்படியென்றால் என் சிநேகிதனை வருடத்தில் எத்தனை தரம் பார்ப்பேன் என்பதை எனக்கு யாரும் கணக்குப் பார்த்துச் சொல்லத் தேவையில்லை. விடாமல் வாதாடினேன். கடைசியில் ஒரு பரீட்சைக்கு ஒப்புக்கொண்டாள். ஒரு முறை தனியே போய்த் தனியே வர வேண்டும், ஒரு பிரச்சினையும் வரக் கூடாது. வந்தால், அதோடு சரி.

அன்று வியாழன் என்பதால் முதலில் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். வேட்டி, சால்வை, நெற்றி நிறையத் திருநீறு, சந்தனப் பொட்டு. "ட்ரவுசரோட போங்கோ மாமா, பஸ்ஸில ஏறி இறங்கச் சுகம்" என்று மருமகன் சொல்லியிருந்தார். நான் ஏன் மாற வேண்டும்? இந்த வேட்டியோடு நான் ஏறாத பஸ் வடக்கில் கிடையாது.

பஸ் வந்தது. சனம் நெருக்கியடித்து நின்றது. படியில் கால் வைத்ததுமே கொண்டக்டர் என் கையைப் பிடித்து மேலே தூக்கினான். முன் இருக்கையில் இருந்த பொடியன் ஒருவன் துள்ளி எழும்பினான்.

"ஸாமி, மெத்தன வாடிவென்ன."

இங்கே இருங்கள் என்கிறான். வயதுக்கு மரியாதை என்று நினைத்து இருந்துவிட்டேன். இருந்த பிறகுதான் தலைக்கு மேலே ஒட்டியிருந்ததை வாசித்தேன். மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டது. பிக்குமாருக்கென்று எல்லா பஸ்களிலும் உள்ள இருக்கை அது. வேட்டியையும் திருநீற்றையும் கண்டு என்னைக் கோயில் ஐயராக்கிவிட்டார்கள்!

எழும்பப் பார்த்தேன். இடமில்லை, என் முழங்காலுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். சரி, காசையாவது கொடுப்போம் என்று நாலு இருபது ரூபாய்த் தாள்களை நீட்டினேன். கட்டணம் எண்பது. சில்லறையாகவே கொண்டுபோவேன், மிச்சம் பிறகு தருகிறேன் என்ற பேச்சுக்கு இடம் வைப்பதில்லை. கொண்டக்டர் கையை நெஞ்சில் வைத்துத் தலையாட்டினான்.

"ஸாமிகென் சல்லி கன்ன பே."

சாமியிடம் சல்லி வாங்க முடியாதாம். பம்பலப்பிட்டியில் ஒரு முறை நீட்டினேன், கொள்ளுப்பிட்டியில் ஒரு முறை நீட்டினேன். இரண்டு தரமும் அதே கை, அதே நெஞ்சு.

பக்கத்தில் நின்ற கொட்டாஞ்சேனைப் பெண்மணி ஒருத்தி, கூடையோடு குனிந்தாள்.

"சாமி, கையால கொஞ்சம் திருநூறு குடுங்க. என்ட மகனுக்கு வேல கெடைக்குதில்ல."

"அம்மா, நான் ஐயரில்லை. பென்சன்காரன்."

"பென்சன் எடுக்கிற சாமியும் இருக்காங்க தானே."

மடியில் கோயில் திருநீறு மடித்த கடதாசிச் சரை இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கொண்டக்டர் அதைக் கண்டு இன்னும் உறுதியாகிவிட்டான்.

புறக்கோட்டையில் பாதிச் சனம் இறங்கியது. இறங்கிய கையோடு பரிசோதகர் ஒருவர் ஏறினார். இப்போது டிக்கட் இல்லாமல் பிடிபட்டால் நூறு ரூபாய் தண்டம், அதற்கு மேல் கட்டணத்தின் இரண்டு மடங்கு. நான் பத்திரிகை வாசிக்கிறவன், எனக்குத் தெரியும். அவர் பின்னாலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்து என்னிடம் வந்தார். நான் வாய் திறப்பதற்குள் கொண்டக்டர் சொன்னான், "ஸாமி கெனெக், சேர்." இவர் ஒரு சாமி என்கிறான். பரிசோதகர் எனக்குக் கை கூப்பிவிட்டுத் திரும்பினார்.

அவ்வளவுதான். பிரச்சினை இல்லை. பேசாமல் இருந்தால் பரீட்சையில் சித்தி. பேசினால் தண்டம், தண்டமென்றால் பற்றுச்சீட்டு, பற்றுச்சீட்டென்றால் மகளுக்கு நான் அதை மறைக்கப்போவதில்லை. இதெல்லாம் ஒரு நொடியில் ஓடியது. ஆனால் நான் சாமி என்று போனால், தனியே போனவன் நானில்லையே. யாரோ ஒரு ஐயரை அல்லவா இலவசமாக ஏற்றிப் போயிருக்கிறார்கள்.

எழுந்து நின்றேன். "மஹத்தயா, மம ஸாமி நெமெய். டிக்கட் நே." ஐயா, நான் சாமியல்ல, டிக்கட்டும் இல்லை. என் சிங்களம் அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

"ஐயோ சாமி, வாய மூடிட்டு இருக்க ஏலாதா?" என்றாள் கூடைக்காரி.

பரிசோதகர் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "கமக் நே, ஸீயா." பரவாயில்லை, தாத்தா. சாமிப் பதவி போய்க் கிழவன் பதவி வந்தது. அதற்கும் சலுகைதான்! எனக்குக் கோபம் வந்துவிட்டது. தண்டம் எழுதுங்கள் என்றேன். அப்படியானால் கொண்டக்டர்மேல்தான் எழுத வேண்டும், டிக்கட் கொடுக்காதது அவன் பிழை என்றார் அவர். கொண்டக்டரின் முகம் கறுத்தது. எனக்கு மரியாதை செய்ததைத் தவிர அவன் ஒன்றும் செய்யவில்லை.

"அவரில பிழை இல்லை. இந்த இருக்கையில இருந்தது நான். என்ர பேரில எழுதுங்கோ" என்று தமிழில் சொன்னேன். கூடைக்காரி அதைச் சிங்களத்தில் சொன்னாள். அவள் பங்குக்கு எனக்குக் கொஞ்சம் மூளைக் கோளாறு என்றும் சேர்த்துச் சொன்னாள் என்று நினைக்கிறேன். பரிசோதகர் பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

சிநேகிதன் கதையைக் கேட்டுக் கதிரைக் கையில் அடித்து அடித்துச் சிரித்தான். "லூசா நீ? சும்மா போனவன் காசு குடுத்து மாட்டிக்கிட்டான்." சிரித்து முடித்த பிறகு, "அப்ப இனி வர விடமாட்டாங்களா?" என்று கேட்டான். நான் பற்றுச்சீட்டை நாலாக மடித்து இடுப்பில் செருகினேன்.

திரும்பும்போது ஏறும் படியிலேயே எண்பது ரூபாயைக் கொண்டக்டரின் கைக்குள் திணித்து, டிக்கட் வாங்கி, கண்ணயராதிருக்க வெள்ளவத்தை வரை நின்றுகொண்டே வந்தேன். மகளுக்குத் திரும்பி வருவதாகச் சொன்ன நேரம் மூன்று மணி. வீட்டுக் கதவைத் தட்டியது மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க.

பற்றுச்சீட்டை மேசையில் வைத்தேன். மகள் வாசித்தாள்.

"இதுக்குப் பிரச்சினை இல்லையெண்டு பேரோ?"

"வழி தவறினனானோ? இல்லை. நேரம் பிந்தினனானோ? இல்லை. தண்டம் நானாக் கேட்டுக் கட்டினது. பிரச்சினை தானா வாறது, பிள்ளை. இது நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தது."

மருமகன் திரும்பிச் சுவரைப் பார்த்தார், தோள் குலுங்கியது. மகள் சிரிக்காமலிருக்கப் பாடுபட்டாள்.

"அடுத்த கிழமை ட்ரவுசர் போட்டுக்கொண்டு போங்கோ."

அடுத்த கிழமை என்ற சொல்லை நான் கேட்டுக்கொண்டேன். ட்ரவுசர் என்ற சொல் காதில் விழவில்லை.

"வேட்டியோடதான் போவன். நிண்டுகொண்டு போவன்."

தண்டம் நூறு, இரட்டைக் கட்டணம் நூற்றறுபது, திரும்பி வர எண்பது. ஓட்டோவுக்குப் போகவர இரண்டாயிரத்து அறுநூறு கேட்கிற நகரத்தில், நான் நானாகப் போய் வந்ததற்கு மொத்தம் முந்நூற்று நாற்பது ரூபாய்.