இஞ்சு டேப்பும் ஒரு கவசமும்

என் வீட்டுக்காரிக்குப் பேயென்றால் பயம். புருஷனென்றால் பயமே கிடையாது.

எங்கள் தையல் கடையில் அவள் அளவெடுத்து வெட்டுவாள், நான் தைப்பேன். புதுத்துணியைவிடப் பழைய உடுப்பைப் பிரித்துத் தைக்கும் வேலைதான் அதிகம். அதில் இறந்தவர்களின் உடுப்பும் வரும். “அப்பாவோட சட்டை, என் உடம்புக்குப் பிடிச்சுக் கொடுங்க” என்று யாராவது வந்து நிற்பார்கள். அந்தத் துணியில் கத்தரி படுமுன் கவசம் சொல்லியாக வேண்டும். நெற்றியைக் காப்பாய் தாயே, கண்ணைக் காப்பாய் தாயே என்று உச்சியில் தொடங்கி உள்ளங்கால்வரை இறங்கி, ஒட்டிக்கொண்டு வந்ததெல்லாம் ஓடிப்போகட்டும் என்று முடிப்பாள். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் பேய் புகுந்துவிடுமாம். நல்ல கதை!

அந்த நேரம் பார்த்து வேறொரு ஆள் அளவு கொடுக்க வந்தால், கவசமும் நிற்காது, கையும் நிற்காது. “தோளைக் காப்பாய் தாயே, பதினேழு. இடுப்பைக் காப்பாய் தாயே, நாப்பது” என்று டேப்பைப் பிடித்தபடியே ஓதுவாள். இரண்டும் மேலிருந்து கீழே போகிற வேலைதானே. வந்தவர் கும்பிடுவதா, கையைத் தூக்குவதா என்று தெரியாமல் விழிப்பார்.

நான் அளவைக் குறித்துக்கொண்டே, “உன் சத்தத்துக்கே பேய் ஓடிடும். தாயை ஏன் தொந்தரவு பண்றே?” என்பேன்.

“சும்மா இருங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்” என்பாள்.

அப்படிப்பட்டவளுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தே தீர வேண்டும், குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, குரல் போனாலும் போகலாம் என்றார் டாக்டர். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும், “குரல் போயிட்டா கவசத்தை யாருங்க சொல்றது?” என்று மட்டும் கேட்டாள்.

“போனா போகுது, எனக்கு நிம்மதி” என்றேன். சொன்ன நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தக் குரல் கேட்காத கடையில் நான் எப்படி உட்காருவேன்?

ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் கட்டுடன் கிடந்தாள். “மெதுவா ஏதாவது பேசிப் பாருங்கம்மா” என்றார் டாக்டர். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வீக்கம் இறங்கட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவள் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். பிறகு கண்ணை. கவசம் கேட்கிறாள்!

பேயை நம்பாதவன், பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கப் பார்க்க ஓதினேன். இத்தனை வருஷமாகக் காதில் விழுந்தது ஒரு வரிகூடத் தப்பவில்லை. கழுத்துக்கு வந்ததும் அவள் கழுத்துக் கட்டைப் பார்த்துத் தடுமாறினேன். அங்கே மட்டும் நிறுத்திவிடக் கூடாதே என்று, கழுத்தைக் காப்பாய் தாயே என்பதையே இன்னொரு தரம் சொன்னேன். அதற்குமேல் நாக்கு பழக்கதோஷத்தில் தன் பாட்டுக்கு ஓடியது.

“தோளைக் காப்பாய் தாயே, பதினாலு. இடுப்பைக் காப்பாய் தாயே, முப்பது.”

கல்யாணமான புதிதில் அவளுக்கு நான் தைத்துக் கொடுத்த முதல் ரவிக்கையின் அளவு அது.

அவள் கண்ணைத் திறந்து என்னை முறைத்தாள். எண்ணெய் போடாத மிஷின் மாதிரி கரகரவென்று ஒரு சத்தம் வந்தது.

“முப்பத்தாறுங்க.”

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

“நடுவுல நிறுத்தாதீங்க” என்று அதே குரல் அதட்டியது.

உள்ளங்கால்வரை சொல்லி முடித்தேன்.