மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த ரேஸ் கார்

ரேஸ் கார் நல்லதா, குடும்பக் கார் நல்லதா? என் மகன் கேட்கிறான். எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. இரண்டும் ஒரே நாளில், ஒரே தெருவில் ஓடியதைப் பார்த்தவள் நான்.

ரேஸ் கார் என் மாமாவுடையது. கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய பழைய கார். நீண்ட மூக்கு, கூரை கிடையாது, கதவும் கிடையாது. விராலிமலைச் சாலையில் பறக்கும். அப்பாவின் புதுக் காருக்கு நான்கு கதவுகள், ஏற்றி இறக்கும் கண்ணாடிகள். பின் சீட்டில் ஆறு பிள்ளைகளும் ஒரு பலகாரக் கூடையும் கொள்ளும்.

என் சித்திக்கு முன்பே இரண்டு வரன்கள் நிச்சயம் வரை வந்து நின்றுபோயிருந்தன. மூன்றாவதாக வந்த மாப்பிள்ளையின் அப்பா, எங்கள் சம்பந்தி, மாப்பிள்ளை அழைப்பு திறந்த காரில்தான் என்று சொல்லிவிட்டார்.

"மூடுன கார்ல வந்தா மாப்பிள்ளை மொகம் யாருக்குத் தெரியும்?"

மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஊர்வலம் நாயனத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் போகும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

சின்னப் பிள்ளையான என்னை மாப்பிள்ளையின் மடியில் உட்கார வைத்தார்கள். அந்தக் காருக்கோ மெதுவாகப் போகத் தெரியவில்லை. மாமா மிதித்தால் பாய்ந்தது. இரண்டாவது பாய்ச்சலில் தவில்காரர் துள்ளி ஒதுங்கினார்.

"தம்பி, நான் வாசிக்க வந்தேனா, ஓட வந்தேனா?"

"அங்கிட்டுத் தள்ளி வாசிங்கண்ணே, இது ரேஸ் காரு!"

மாப்பிள்ளை குனிந்து, காலடியில் இருந்த ஒரு சின்னத் திருகைத் திருப்பினார். என்ன என்று கேட்டேன்.

"எறும்பு கடிக்குதுத்தா."

சிறிது தூரத்தில் கார் இருமிவிட்டு நின்றது. மாமா இறங்கி, வண்டியைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி வியர்த்தார்.

"சகுனம் சரியில்ல, திரும்பிருவோம்" என்றார் சம்பந்தி. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளைதான் சிரித்தார். "ஏன் மச்சான், அந்தப் புதுக் காரு சும்மாதானே நிக்குது? கயித்தக் கட்டி இழுக்கச் சொல்லுங்க."

கிணற்றுக் கயிற்றில் சாமந்தி மாலையைச் சுற்றிக் கட்டினார்கள். அப்பாவின் கார் முன்னால் ஊர்ந்தது. குலுக்கல் இல்லாமல் நாங்கள் பின்னால் போனோம். தெருவே கைதட்டியது. சம்பந்தி வழியெல்லாம், "ரெண்டு காரு வச்சுல்ல எங்கள அழைக்கிறாக!" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சித்தியின் கல்யாணம் நடந்தது.

இறங்கும்போது புதுச் சித்தப்பா மறுபடி குனிந்தார். மறுநாள் கார் முதல் சுற்றிலேயே கிளம்பியது. காரணம் தெரியாமல் நின்ற வண்டியை மாமா பிறகு நம்பவில்லை, விற்றுவிட்டார்.

என் கணவர் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் குழாயை மூடுவதைப் பார்த்த அன்றுதான் அந்தத் திருகு எதற்கென்று எனக்குப் புரிந்தது. சித்தப்பா பயந்து மூடினாரா, தவில்காரருக்காக மூடினாரா என்பது மட்டும் இன்னும் புரியவில்லை.

"அன்னைக்கு அது ஏன்தான் நின்னுச்சு?" என்று மாமா இன்றும் கேட்கிறார். சித்தப்பா வெற்றிலையை மென்றபடி என்னைப் பார்க்கிறார். சொன்னால் மாமாவுக்குத் தன் கார் மேல் இருந்த குறை தீரும். சித்தப்பா மேல் புதிதாக ஒன்று வரும். வாசகர்களே, என் இடத்தில் நீங்கள் இருந்தால் சொல்வீர்களா? தயவுசெய்து எழுதுங்கள். அடுத்த வாரம் இருவரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள்.